பூரணியின் போன்

சிறைச்சாலை, கொழும்பு
14.03.2023

அன்புத் தங்கச்சி தனுஜாவுக்கு,

அண்ணன் யோகேஸ்வரன் எழுதுகிறேன். எனக்குச் சளியைத் தவிர வேறு குறையில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ முன்பள்ளிப் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே.

நேற்றுத் திங்கட்கிழமை பகல் மூன்று மணிக்கு எனக்கு டெலிபோன் முறை கிடைத்தது. இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு. பூரணியின் நம்பரை அடித்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. உன் மதினி எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அடித்தேன். அதுவும் அப்படித்தான். பின்னால் நின்றவன் தோளைத் தட்டிவிட்டான்.

மணி போகிறது என்றால் போன் மேட்டில் இருந்திருக்க வேண்டும். நம் லயத்து வீடுகளுக்குள் ஒரு கம்பி சிக்னல் கிடையாது, மயானத்து மேட்டில் ஏறினால்தான் போனுக்கு உயிர் வரும். மேட்டில் நின்றுகொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு, ஏன் எடுக்கவில்லை?

போன கிழமை மஸ்கெலியாப் பக்கத்து ஆள் ஒருத்தன் இங்கே வந்தான். "ஒங்க சம்சாரம் எந்நேரமும் அந்த மேட்டுல நின்னு போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டுல்ல இருக்காங்க" என்றான். நானும் சிரித்துவைத்தேன். நீ அவளிடம் கேட்டு எழுது. இங்கே ஒரு ஐயா வாசித்துப் பார்த்துத்தான் கடிதம் வெளியே போகும். அதனால் இதோடு விடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அண்ணன்
யோகேஸ்வரன்


மேற்பிரிவு லயம், மஸ்கெலியா
28.03.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இதற்குள் அங்கே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை என்றால், எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு மீதியை வாசியுங்கள்.

மதினி இல்லை, அண்ணன்.

11ஆம் திகதி சனிக்கிழமை. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்துவிட்டது. மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போர்த்திக்கொண்டு தேயிலைக்கு அடியில் படுத்துவிட்டார்கள். மீனம்மாக் கிழவியால் குனிய முடியவில்லை. மதினி தன் படங்கை அவிழ்த்து அவருக்குப் போர்த்திவிட்டார். மீனம்மா பிழைத்துவிட்டார். மதினியைக் கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது.

மரண விசாரணை முடிந்து திங்கட்கிழமைதான் உடலைத் தந்தார்கள். அன்று பின்னேரமே அடக்கம் செய்தோம். உங்களுக்கு அறிவிக்கச் சொல்லித் தோட்டத்து ஆபீசில் சனிக்கிழமையே போய் நின்றேன். திங்கட்கிழமைதான் லைன் கிடைத்தது என்கிறார்கள்.

உங்கள் கடிதம் நேற்று, பதினாறாம் நாள் காரியத்தன்று வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளிடம் கேட்டு எழுது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் யாரிடம் கேட்பேன்?

அம்மாவைத் தனியே விட்டுவிட்டுக் கொழும்புக்கு வர முடியவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கச்சி
தனுஜா


சிறைச்சாலை
16.04.2023

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. மார்ச் 15ஆம் திகதி ஒரு ஐயா கூப்பிட்டுச் சிங்களத்தில் இரண்டு வரி சொன்னார். புரிந்தது. புரியாத மாதிரி மூன்று தடவை கேட்டேன். அவரும் மூன்று தடவை பொறுமையாகச் சொன்னார். நல்ல மனிதர்.

நான் என்னத்தை எழுத? ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன். இருபத்தாறு வயது. படங்கை அவிழ்த்துக் கொடுத்தாளா? கொடுப்பாள். அவள் புத்தி அப்படித்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு லொறி ஓட்டி, ரோட்டோரம் நடந்துபோன ஒரு மனிதரைக் கொன்றவன் நான். நான் போனைப் பற்றிக் கேட்பது கேவலம்தான். ஆனாலும், பூரணியின் போன் எங்கே இருக்கிறது? கல்யாணமான புதிதில் ஹட்டனில் நான் வாங்கிக் கொடுத்தது, முனை உடைந்த நீலக் கவர் போட்டது. அதில் அவள் குரல் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் எடுத்த போட்டோ எல்லாம் அதில்தான். என்னுடைய போனை வழக்குச் சாமான் என்று கோர்ட்டில் எடுத்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

யாருக்கும் கொடுத்துவிடாதே. ஒன்றையும் அழித்துவிடாதே. கிழமைக்கு ஒரு தடவை சார்ஜ் போடு. நான் வெளியே வந்ததும் என் கையில் தா.

அம்மாவை அழவிடாதே.

அண்ணன்


மேற்பிரிவு லயம்
27.04.2023
(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் மதினியோடு போய்விட்டது. வைத்தது நான்தான்.

பெட்டி வந்ததும் கல்யாணச் சேலையை உடுத்தினோம். கண்ணாடி வளையல் போட்டோம். "அவளுக்கு ஆசையா வேற என்னாடி இருந்துச்சு? ஒரு பொருள வைங்க, வெறுங்கையோட அனுப்பாதீங்க" என்று பக்கத்து வீட்டு ராசம்மா அத்தை சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. தலைமாட்டில் கிடந்த போனை எடுத்து மதினியின் கைக்குள் வைத்தேன். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் வாய்விட்டு அழுதார்கள். அந்த நேரத்தில் அதைவிடச் சரியான காரியம் உலகத்திலேயே இல்லை என்று எனக்கு இருந்தது. அணைத்துவிட்டு வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. லயத்துக்குள் அது ஒரு நாளும் அடித்ததில்லையே.

சனிக்கிழமைச் சாவு. சனிப்பொணம் தனிப்போகாது என்று ஆண்டியப்பன் மாமா பாடைக் காலில் ஒரு சேவலைக் கட்டச் சொன்னார். நம் தோட்டத்தில் பெண்களும் மேடு வரை போவது வழக்கம் அல்லவா, நானும் அம்மாவும் போனோம். ஆணி அடித்து, பெட்டியைக் கயிற்றில் இறக்கி, மண் போடத் தொடங்கினார்கள்.

அப்போது உள்ளேயிருந்து சேவல் கூவியது.

விடியற்காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு நேரத்தோடு எழும்பவேண்டும் என்று கேலிபண்ணி, நீங்களே போட்டுக்கொடுத்த ரிங்டோன், அண்ணன். எல்லாரும் பாடையில் கட்டியிருந்த சேவலைத் திரும்பிப் பார்த்தார்கள். "கூவிருச்சு! கூவிருச்சு! தொணைக்கு ஆள் கெடச்சிருச்சு, இனி யாரையும் கூப்பிட மாட்டா" என்றார் ஆண்டியப்பன் மாமா. அந்தச் சேவல் அலகைத் திறக்கவே இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மதினியின் போனுக்கு உங்களைவிட்டால் யார் அடிப்பார்கள்?

நின்றுவிட்டு, மறுபடியும் கூவியது. மூடின பெட்டியைத் திறக்கக் கூடாது என்பார்கள். ஆனால் நான் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். பயந்துபோய் நின்றேன். என் முறை வந்தது. அது கூவிக்கொண்டிருக்கும்போதே நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

தனுஜா


மேற்பிரிவு லயம்
27.04.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். முழங்காலுக்கு எண்ணெய் போட்டு வருகிறேன். மழை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

போன் பத்திரமாக இருக்கிறது. யாரும் தொடவில்லை. கவலைப்பட வேண்டாம்.

தங்கச்சி
தனுஜா


சிறைச்சாலை
20.05.2023

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் சிறியதாக இருந்தாலும் வயிற்றில் பால் வார்த்தது. பத்திரமாக இருக்கிறது என்ற அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்கு எண்ணெய் போடுவதை விட்டுவிடாதே.

இப்போது இரண்டு காரியம் செய். அவள் எனக்குப் பேசி அனுப்பின வாய்ஸ் அதில் நிறைய இருக்கும். ஒன்றைக் கேட்டு, அவள் சொன்ன மாதிரியே எழுதி அனுப்பு. குரல் இல்லாவிட்டாலும் சொல்லாவது வந்து சேரட்டும்.

இரண்டாவது, கடைசி ஒரு மாதத்தில் அந்தப் போனிலிருந்து யார் யாருக்குப் பேசியிருக்கிறாள் என்று பார். பெயர், நம்பர், எத்தனை நிமிடம் என்று வரிசையாக எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன்


மேற்பிரிவு லயம்
11.06.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே ஒரு குறையுமில்லை. அம்மா உங்களை நினைத்து மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறார். உங்களுக்குச் சளி விட்டதா?

நீங்கள் கேட்டபடி மதினியின் வாய்ஸ் ஒன்றைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? ஒடம்ப நல்லா பாத்துக்கங்க. நீங்க இல்லாம எனக்கு இங்க ஒன்னுமே ஓடல. ஒங்களயேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். சீக்கிரமா வந்துருங்க."

மற்றது, யாரோடு பேசினார் என்ற விவரம். அந்த இடத்தைத் திறக்க எனக்குத் தெரியவில்லை. போன் பழசாகிவிட்டது, அடிக்கடி நின்றுபோகிறது. அதைக் கிண்டாமல் வைத்திருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

தங்கச்சி
தனுஜா


சிறைச்சாலை
02.07.2023

தனுஜா,

நீ எழுதினது பூரணி இல்லை. மூன்று வருசம் குடும்பம் நடத்தினேன், ஒரு நாளும் அவள் என்னை 'என்னங்க' என்று கூப்பிட்டதில்லை. "என்னா தொரை, கொட்டிக்கிட்டாச்சா?" என்றுதான் தொடங்குவாள். மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போய்ப் பாதியில் சிரித்துவிடுவாள், சொல்ல வந்தது என்னவென்று கடைசிவரை சொல்லமாட்டாள். நீ எழுதி அனுப்பினது டிவி நாடகம்.

ஏன் பொய் எழுதினாய்? அதில் நான் பார்க்கக் கூடாதது ஏதோ இருக்கிறது. பெண்ணும் பெண்ணும் சேர்ந்து மூடிமறைக்கிறீர்கள். இவ்வளவு நாளும் இந்தக் கடிதத்தை வாசிக்கிற ஐயாவுக்கு வெட்கப்பட்டுக்கொண்டு சுற்றி வளைத்து எழுதினேன். இனி அவரும் வாசிக்கட்டும். எந்நேரமும் மேட்டில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசினாளாமே, யாரோடு? நான் அன்றைக்கு டெலிபோன் அடித்ததே அதைக் கேட்கத்தான்.

செத்தவளைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்று என்னைத் திட்டாதே. எனக்கு இங்கே இருபத்து நாலு மணி நேரமும் அதே வேலைதான். அந்தப் போனைக் கொண்டுவந்து கண்ணில் காட்டு. இல்லாவிட்டால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

யோகேஸ்வரன்


மேற்பிரிவு லயம்
19.07.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏப்ரல் மாதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் இத்தோடு வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசியுங்கள். பிறகு இதற்கு வாருங்கள்.

வாசித்துவிட்டீர்களா? நான் பொய் சொன்னேன். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் மதினியைப் பற்றி இன்னொரு வார்த்தை எழுதக் கூடாது. எனக்கும் வாய் இருக்கிறது.

உங்கள் டெலிபோன் முறை எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? பத்து நாளில் வந்தாலும் வரும், ஒரு மாதம் ஆனாலும் ஆகும். அது தவறிவிடக் கூடாது என்று மதினி தினமும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு கூடையைக் கூடப் போட்டுவைக்காமல் மேட்டுக்கு ஏறினார். மழையிலும் ஏறினார். அரை நாள் லீவு கிடைத்தால் பகல் முழுக்க அங்கேதான். "லயத்துல இருந்தா அவரு போன் அடிக்கிறது எனக்குத் தெரியாதுல்ல தனு" என்பார்.

சிரித்துப் பேசினார், உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன். ஒருநாள் பின்னால் போய் நின்று கேட்டேன். அது உங்கள் குரல், அண்ணன். லொறியில் போகும்போது நீங்கள் அனுப்பி வைத்திருந்த வாய்ஸ் எல்லாம் அதில் இருந்ததே, ஒவ்வொன்றாகப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் சோறு தின்ன இறங்குகிறேன் என்றால், "கொட்டிக்கங்க தொரை" என்பார். லொறி மோதின அன்று அனுப்பினதை மட்டும் போடாமல் தாண்டிவிடுவார்.

என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுவிட்டார். "யார்கிட்டயும் சொல்லிறாத, பைத்தியம்னு சொல்லுவாங்க" என்றார். நான் சொல்லவில்லை. இன்று உங்களிடம்தான் சொல்கிறேன்.

அந்த மேட்டில் மதினி பேசின ஆள் நீங்கள் ஒருவர்தான்.

தனுஜா


மேற்பிரிவு லயம்
14.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு எழுதினேன், பொங்கலுக்கு எழுதினேன், பதில் இல்லை. ஜனவரியில் அம்மாவை ராசம்மா அத்தையிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்தேன். நீங்கள் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டதாக அங்கே சொன்னார்கள். கொண்டுவந்த ரொட்டியை பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மதினியின் வருசத் திதி முடிந்தது. மீனம்மாக் கிழவி விடியும்போதே வந்து மேட்டில் புல் செதுக்கிவைத்திருந்தார். அம்மா வடை சுட்டார். நான் விளக்கு வைத்தேன்.

என்னோடு பேச வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

தனுஜா


சிறைச்சாலை
26.05.2024

அன்புத் தங்கச்சி தனுஜாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்.

உன் கடிதம் எல்லாம் வந்தது. ஒவ்வொன்றையும் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு மாதம் உன்மேல் கோபத்தில் எழுதவில்லை. அதற்குப் பிறகு வெட்கத்தில் எழுதவில்லை. நீ அவ்வளவு தூரம் வந்தபோது என்னால் முகத்தைக் காட்ட முடியவில்லை. மன்னித்துக்கொள்.

அந்தத் திங்கட்கிழமை அவளிடம் பேச நான் வைத்திருந்தது ஒரே ஒரு பேச்சு. "யாருடி அவன்?" மணி போகப் போக, அவள் எடுக்காமல் இருக்க இருக்க, பின்னால் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அவளைத் திட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் மண் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில். பெட்டியைத் திறக்கச் சொல்லாமல் போனேனே என்று நீ எழுதியிருந்தாய். திறந்து எடுத்துக் காதில் வைத்திருந்தாலும் உனக்குக் கேட்டிருப்பது அதுதான். இனி அதற்காக நீ அழக் கூடாது.

இங்கே எழுதிக் கொடுத்த நம்பருக்குத்தான் பேசவிடுவார்கள். நான் கொடுத்திருந்தது பூரணியின் நம்பர் ஒன்றுதான். அதை மாற்றச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் முறை வரும்போதெல்லாம் அதையே அடித்தேன். இந்த இலக்கத்தைத் தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று பாஷையில் ஒரு குரல் சொல்லும். அது சொல்லி முடியும்வரை காத்திருந்து, மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டு வைப்பேன். பின்னால் நிற்கிறவர்களுக்கும் பழகிவிட்டது. யாரும் சிரிப்பதில்லை.

போன கிழமை அடித்தேன். மணி போனது.

தனுஜா, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யாரோ எடுத்தார்கள். "ஹலோ, யாருங்க பேசுறது?" ஒரு பெண் குரல், தமிழ்தான். பின்னால் குக்கர் விசில் சத்தம். பாவிக்காத நம்பரைக் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம், அதைப் பிறகுதான் ஒருத்தன் சொன்னான். அந்த நேரத்தில் எனக்கு அறிவு ஏது? "மன்னிச்சிரு பூரணி" என்றேன்.

"அய்யோ, அந்த ஆள் இங்க இல்லீங்க. பரவாயில்ல, நம்பர் மாறிப்போறது எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அவர் பரவாயில்லை என்றது நம்பர் மாறினதற்கு. அது தெரியாத மடையன் இல்லை நான். தெரிந்தும், பூரணியிடம் வாங்க வேண்டியதை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் வாங்கிக்கொண்ட மாதிரி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். பதினான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் அழுதேன். அவள் போன செய்தியைச் சொன்ன அந்த ஐயா வந்து தண்ணீர் கொடுத்தார்.

இனி அந்த நம்பரை நான் அடிக்கமாட்டேன். நம்பரை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன், உன்னைக் கேட்காமலேயே. அடுத்த முறை எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் பகல் மூன்று மணிக்கு மேல்தான். முன்பள்ளி விட்டதும் போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போ. மழை என்றால் குடை கொண்டுபோ. அவளுக்குப் பக்கத்தில் நில்.

அடித்தால் எடு, தங்கச்சி.

அண்ணன்
யோகேஸ்வரன்